ஜிம்மா, சைக்கிளா? கல்லூரிக்குப் போகிறவர்களுக்கு எது நிலைக்கும்

முதல் வருடம் ஜிம்முக்குப் போனேன். இரண்டாம் வருடத்தின் நடுவிலிருந்து திருநெல்வேலி டவுனிலிருந்து பாளையங்கோட்டைக்குச் சைக்கிளில்தான் கல்லூரி. இப்போது கடைசி வருடம். என் ஓட்டு சைக்கிளுக்குத்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஜிம்முக்கு மாதாமாதம் காசு, சைக்கிளுக்கு ஒரு தடவைதான். ஜிம்மில் வெயில் மழை கிடையாது, சொல்லித்தர ஆள் உண்டு. சைக்கிளில் சட்டை நனையும், பையில் இன்னொரு சட்டை வேண்டும். இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததே.

நான் பார்த்தவரை முடிவு செய்வது ஒன்றுதான்: பரீட்சை வந்தால் எது நிலைக்கும், எது நிலைக்காது? ஜிம்முக்கு ஆறு மாதப் பணம் 4,500 ரூபாயை மொத்தமாகக் கட்டினேன். முதல் மாதம் ஒரு நாள்கூடத் தவறவில்லை. இன்டர்னல் வந்தது, ஒரு வாரம் போச்சு. ரெக்கார்டு நோட்டு எழுத இன்னொரு வாரம். செமஸ்டர் முடிந்து திரும்பப் போய்ப் பழைய எடையையே தூக்கப் பார்த்தேன், தோள் பிடித்துக்கொண்டது. போகாத நாட்களுக்கு ஈடாக நாள் நீட்டித் தரவும் மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். ஜிம்முக்கு என்று தனியாக ஒன்றரை மணி நேரம் ஒதுக்க வேண்டும், படிப்பு நெருக்கும்போது முதலில் கைவைப்பது அந்த நேரத்தில்தான்.

சைக்கிளில் அந்தச் சிக்கலே இல்லை. பரீட்சை நாளிலும் கல்லூரிக்குப் போய்த்தானே ஆக வேண்டும்? ஆர்ச் தாண்டி, ஈரடுக்கு மேம்பாலம் ஏறி, ஜங்ஷன், அப்புறம் சுலோச்சன முதலியார் பாலத்தில் தாமிரபரணிக் காற்று வாங்கிக்கொண்டு கொக்கிரகுளம், முருகன்குறிச்சி என்று போனால் எனக்கு அரை மணி நேரம். போக வர ஒரு மணி, வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் 300 நிமிடம். பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்தக் கணக்கு கல்லூரிக்குப் போய் வருவதிலேயே முடிந்துவிடுகிறது. பஸ்ஸிலும் கிட்டத்தட்ட இதே நேரம்தான் ஆகிக்கொண்டிருந்தது. இன்னொன்று, செமஸ்டர் சமயத்தில் எனக்கு முதலில் கெடுவது தூக்கம். சைக்கிள் மிதிக்க ஆரம்பித்த பிறகு பதினொரு மணிக்கெல்லாம் கண் தானாகச் சொருகுகிறது.

ஜிம் ஜெயிக்கிற இடமும் உண்டு. சைக்கிள் காலுக்கும் நெஞ்சுக்கும் நல்லது, தோளுக்கும் கைக்கும் பெரிதாக ஒன்றும் செய்யாது. வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி வேண்டும் என்றும் அதே நிறுவனம் சொல்கிறது. நான் மொட்டைமாடியில் தண்டாலும் பஸ்கியும் எடுக்கிறேன், ஜிம்மில் கிடைத்த அளவு வலு இதில் வரவில்லை. உடம்பை ஏற்றியே ஆக வேண்டும் என்பவர்கள் ஜிம்முக்கே போங்கள், ஆனால் புரதப் பவுடர் டப்பாவுக்கு அவசரப்பட வேண்டாம். 60 கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 50 கிராம் புரதம் போதும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. ஒரு முட்டையிலேயே 6 கிராம் இருக்கிறது, மிச்சத்துக்குப் பயறு, கடலை, மீன் இருக்கவே இருக்கிறது.

ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு என் கணக்கு பொருந்தாது, வ.உ.சி. மைதானத்தில் காலையில் ஓடுவது அவர்களுக்குச் சரிப்படலாம், நான் ஓடிப் பழகியவன் இல்லை. பெண்பிள்ளைகளுக்கு அந்திக்கு மேல் இந்த ரோட்டில் சைக்கிள் எப்படி இருக்கும் என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும். சித்திரை வெயிலில் மத்தியானம் திரும்புவது எனக்கே கஷ்டம், அந்த மாதம் தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் இல்லாமல் கிளம்புவதில்லை. அடைமழை என்றால் பஸ்தான்.

வாங்குவதற்கு முன் வீட்டில் கிடக்கிற பழைய சைக்கிளுக்குக் காற்றடித்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, பிரேக் கட்டையை மாற்றி ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். சீட் உயரத்தைக் கட்டாயம் கவனியுங்கள்: பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் லேசாகத்தான் மடங்க வேண்டும். தாழ்ந்த சீட்டிலேயே மிதித்து ஒரு மாதம் முழங்கால் வலியோடு அலைந்தேன், கடைக்காரர் அண்ணாச்சி இரண்டு விரல்கடை உயர்த்திவிட்ட அந்த வாரமே வலி நின்றது.