வழுவை எங்கே சொல்வது: டெபியன், உபுண்டு, ஃபெடோரா

லினக்ஸில் ஒரு பேக்கேஜ் (நிறுவத் தயாராகக் கட்டிய மென்பொருள்) சொதப்பினால், அந்த வழுவோடு (bug) அதை எழுதியவர்களிடம் போவதா, அதை நமக்குக் கட்டிக்கொடுத்த டிஸ்ட்ரோவிடம் (டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் வகை) போவதா? முதலில் டிஸ்ட்ரோவிடம்தான் போக வேண்டும். நம் கணினியில் ஓடுவது பெரும்பாலும் சற்றுப் பழைய பதிப்பு. அதன்மேல் டிஸ்ட்ரோ தானே போட்ட பேட்ச்களும் (சிறு மாற்றங்களும்) இருக்கும். வழு யாருடையது என்று பிரித்துப் பார்க்க, டிஸ்ட்ரோவில் அந்தப் பேக்கேஜைக் கவனிக்கும் பராமரிப்பாளரால்தான் எளிதில் முடியும்.

எனக்கு மிகவும் பிடித்தது டெபியனின் முறை. 1994-இல் இயான் ஜாக்சன் எழுதத் தொடங்கிய அமைப்பு அது. இன்றும் மின்னஞ்சலில்தான் ஓடுகிறது. கணக்குத் தொடங்க வேண்டாம். ரிப்போர்ட்பக் என்ற கருவி பேக்கேஜின் பதிப்பையும் அது சார்ந்திருக்கும் பேக்கேஜ்களின் பதிப்புகளையும் தானே நிரப்பிவிடும். புதியவர்களை மிரட்டும் தோற்றம்தான், ஒப்புக்கொள்கிறேன். நம் மின்னஞ்சல் முகவரி எல்லோருக்கும் தெரியும் என்பதும் சிலருக்குத் தயக்கம் தரும். ஆனால் இங்கே வழுவுக்குத் தரும் தீவிர நிலைக்கு நிஜமான பலம் உண்டு. கிரிட்டிக்கல், கிரேவ், சீரியஸ் ஆகிய மூன்றில் ஒன்றாகக் குறிக்கப்பட்ட புது வழு, அந்தப் பதிப்பு, அடுத்த வெளியீடு தயாராகும் டெஸ்டிங் கிளைக்குள் நுழைவதையே தடுத்துவிடும். தரவை அழிக்கும் ஒரு வழுவை ஒருவர் பொறுமையாக விவரித்து எழுதினால், எத்தனையோ பேர் அதிலிருந்து தப்பிக்கிறார்கள்.

உபுண்டுவில், வழுக்களைப் பதியும் தளமான லாஞ்ச்பேடில் கணக்கு வேண்டும். அப்போர்ட் என்ற கருவி விவரங்களைத் திரட்டிக் கொடுத்துவிடும், 'எனக்கும் இதே சிக்கல்' என்று ஒரே சொடுக்கில் சொல்லலாம். தொடங்குவதற்கு இதுதான் சுலபம். அதனாலேயே வழுக்கள் குவிகின்றன. பதில் வராமல் கிடப்பவையும் ஏராளம்.

ஃபெடோரா, ரெட் ஹேட் நிறுவனத்தின் வழுப் பதிவுத் தளமான பக்சில்லாவைப் பயன்படுத்துகிறது. புரோகிராம் திடீரென்று மூடிக்கொண்டால் ஏபிஆர்டி என்ற கருவி பேக்டிரேஸ் (மூடிய நேரத்தில் நிரலின் எந்தப் பகுதி ஓடியது என்ற பட்டியல்) எடுத்து, அதே கிராஷை முன்பே யாராவது பதிந்திருக்கிறார்களா என்றும் தேடும். கிராஷ்களுக்கு இதைத்தான் பரிந்துரைப்பேன். ஒரு குறை: ஒரு வெளியீட்டின் ஆதரவு சுமார் 13 மாதங்களில் முடிந்ததும், அதன்மேல் திறந்திருக்கும் வழுக்களும் மூடப்படும். புதிய வெளியீட்டிலும் சிக்கல் தொடர்ந்தால் அதைச் சோதித்து, பதிப்பு எண்ணை மாற்றிவிடுங்கள்.

உபுண்டு பயனர்களுக்கு ஒன்று. உங்கள் பேக்கேஜ்களில் பெரும்பாலானவை டெபியனிலிருந்து வருபவை. அங்கேயும் அதே வழு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அங்கே பதிந்து, லாஞ்ச்பேட் பதிவில் அந்த எண்ணை இணையுங்கள்.