மத்தி வரும் நாட்களில்: கேனட்டா, நீர்க்காகமா?

ஜூன், ஜூலையில் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குத் தெற்கே மத்திக் கூட்டம் கரையை ஒட்டி வரும்போது மீன் இருக்கும் இடத்தை அறிய எந்தப் பறவையை நம்புவது? கேப் கேனட் என்ற கடற்பறவையைத்தான். வெள்ளை உடல், மஞ்சள் பூசிய தலை, கறுத்த சிறகோரம். சிறகு விரித்தால் 1.7 மீட்டருக்கு மேல், அதனால் வெகு தூரத்திலேயே கண்ணில் படும். உயரத்திலிருந்து சிறகைப் பின்னுக்கு மடக்கி ஈட்டிபோல் பாயும். அலகில் வெளி மூக்குத்துளை இல்லை. தோலுக்கடியில் உள்ள காற்றுப்பைகள் மோதலைத் தாங்கும். ஒன்றிரண்டு பாய்ந்ததும் படகை இறக்கிவிடாதீர்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழுந்தால்தான் மீன் மேல்மட்டத்தில் இருக்கிறது. சும்மா வட்டமடித்தால் பெரும்பாலும் மீன் ஆழத்தில்.

கேப் நீர்க்காகம் கறுப்பு. தொண்டையடி மட்டும் ஆரஞ்சு மஞ்சள். நீர்மேல் மிதந்து, முங்கி, காலால் உந்தித் துரத்தும். தாழ்வாக நீள வரிசையில் பறந்தால் இடம் மாறுகிறது என்றுதான் பொருள், அதன் பின்னால் ஓடிப் பயனில்லை. இறகு நனைவதால் கரையேறிச் சிறகை விரித்துக் காய வைக்கும். துறைமுகக் கம்பத்தில் அப்படி நிற்பதெல்லாம் இதுவல்ல: பருத்த உடலும் வெள்ளை மார்பும் என்றால் வெண்மார்பு நீர்க்காகம்.

கேனட் முட்டையிடுவது ஒன்றுதான், அதுவும் தென்னாப்பிரிக்கா, நமீபியாவின் ஆறே தீவுகளில். அவற்றில் தென்னாப்பிரிக்காவின் லாம்பர்ட்ஸ் பே ஊரை ஒட்டிய தீவுக்கு நடந்தே போய்ப் பார்க்கலாம். நீர்க்காகம் இரண்டு, மூன்று இடும். ஆனாலும் 2021 பறவைக்காய்ச்சலில் ஆயிரக்கணக்கில் மடிந்தது.