ரிப்ளை 1988-ஆ, மை மிஸ்டரா?

முதல் கொரியத் தொடராக எதைப் பார்ப்பது என்று கேட்டால், 'ரிப்ளை 1988' (2015) என்பேன். சோல் நகரின் சங்முன்-டோங் பகுதியில் ஒரு சந்து, ஐந்து குடும்பங்கள். சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகள் கிண்ணத்தோடு வீடு வீடாக ஓடுவார்கள். கொடுத்த வீட்டுக்கு வேறொரு பதார்த்தம் திரும்பி வரும். இளம் நடிகர்கள் பார்க் போ-கம், ஹேரி இருவரையும்விட, அப்பாவாக வரும் சுங் டோங்-இல்தான் மனதில் நிற்கிறார். 20 பாகமும் நீளம்.

'மை மிஸ்டர்' (2018) 16 பாகம்தான், ஆனால் கனம். பாடகி ஐயூ இதில் சிரிப்பதே அபூர்வம். அலுவலகத்தில் எடுத்து வந்த காபி பாக்கெட்டைக் கலந்து குடிப்பாள். பாட்டிக்கு நிலா காட்டத் தள்ளுவண்டியில் உட்காரவைத்துக் கொண்டுபோவாள். இதன் நாயகன் லீ சுன்-கியுன் 2023-ல் மறைந்த பிறகு, அவருடைய தளர்ந்த நடையைப் பார்த்தாலே தொண்டை அடைக்கிறது. மனசு கொஞ்சம் தெம்பாக இருக்கும்போது இதைத் தொடங்குங்கள்.