குளிர்கால சிமுலேட்டர் பயிற்சின்னு 10 மணி நேரக் காசு போச்சு, கட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

இப்பதான் ஃபோனை வெச்சேன், கை இன்னும் நடுங்குது, எழுத்து முன்னபின்ன இருந்தா பொறுத்துக்கோங்க. பிரைவேட் பைலட் லைசென்ஸ், இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் (வெளிய எதுவும் தெரியாதப்ப கருவிகளை மட்டும் பாத்து ஓட்டுற தகுதி) ரெண்டும் இருக்கு, ஆனா குளிர்காலத்துல மேகத்துக்குள்ள போன அனுபவம் ரொம்பக் கம்மி. நான் ஓட்டுற சின்ன விமானத்துல றெக்கைல ஒட்டுற ஐஸை எடுக்க எந்த வசதியும் கிடையாது, அதனால நிஜத்துல போய் பழகிப் பாக்கவே கூடாது. அதுக்குத்தானே சிமுலேட்டர்னு ஒரு பயிற்சி சென்டருக்குப் போனேன். பேர் சொல்லல.

முதல் நாள் அங்க இருந்த இன்ஸ்ட்ரக்டர் தான் ஒரு தடவை ஐஸ்ல மாட்டினதைச் சொன்னார். ஆட்டோபைலட் போட்டிருந்தாராம், அது உயரம் குறையக் கூடாதுன்னு மூக்கைத் தூக்கிக்கிட்டே போயிருக்கு, ஸ்பீடு விழுந்ததை இவர் ரொம்ப லேட்டா பார்த்திருக்கார். "அதை உங்க கைல உணர வைக்கிறேன் சார், நீங்க பத்திரமா வீட்டுக்குப் போகணும், அவ்ளோதான்"னார். ஒரு பட்டனை அமுக்கினார், முன்கண்ணாடி ஓரத்துல இருந்து வெள்ளையா படர்ந்துச்சு, எனக்கு வயித்தைக் கலக்கிருச்சு. அந்த ஒரு நிமிஷத்துல நம்பிட்டேன். மொத்தமா கட்டினா சலுகைன்னாங்க, 10 மணி நேரக் காசையும் அங்கயே நின்னு கட்டினேன்.

அடுத்த தடவை போனா அவர் இல்ல. மெஷினை ஆன் பண்ணிவிட ஒரு பையன் மட்டும். ஐஸ் போடச் சொன்னேன், கண்ணாடி வெள்ளையாச்சு, ஆனா ஏர்ஸ்பீடு, அதான் காத்துல போற வேகம், ஒரு நாட் (வேகத்தோட அளவு) கூட குறையல. றெக்கைல ஐஸ் ஏறினா லிஃப்ட் (மேல தூக்குற விசை) குறையணும், டிராக் (பின்னால இழுக்குற விசை) ஏறணும், உயரத்தைப் பிடிக்க பவரைக் கூட்டிக்கிட்டே இருக்கணும். இங்க எதுவும் இல்ல, வெறும் படம்! பிட்டோங்கிறது காத்தை வாங்கி ஏர்ஸ்பீடு காட்ட உதவுற குழாய், அது ஐஸ்ல அடைக்காம சூடாக்குறதுதான் பிட்டோ ஹீட். அந்த ஸ்விட்சைப் போட்டு அணைச்சுப் பார்த்தேன், கரன்ட் எவ்வளவு இழுக்குதுன்னு காட்டுற ஆம்மீட்டர் முள்ளு அசையவே இல்ல. பிட்டோ ஓட்டையும் அதோட வடிகால் ஓட்டையும் சேர்ந்து அடைச்சா, மேல ஏற ஏற ஸ்பீடு கூடுற மாதிரி காட்டும், அதை நம்பி மூக்கைத் தூக்கினா ஸ்டால்தான், அதாவது றெக்கை விமானத்தைத் தாங்க முடியாமப் போயிரும். நான் பழக வந்ததே அதுக்குத்தான்.

வெளி வெப்பநிலை 15 டிகிரின்னு இருந்துச்சு. மைனஸ் 20 வைக்கச் சொன்னேன், நம்பர் மட்டும் மாறுச்சு. ஐஎல்எஸ் கிளைட்ஸ்லோப்புல, அதாவது ரன்வேக்கு இறங்க ரேடியோ சிக்னல் காட்டுற சரிவுப் பாதையில, இறங்கினேன். அந்தக் குளிர்ல ஏர்போர்ட்டுக்கு 1000 அடி மேல ஆல்டிமீட்டர் (உயரம் காட்டுற கருவி) 140 அடி பக்கம் அதிகமா காட்டணும், நிஜத்துல நாம அவ்வளவு கீழ இருப்போம். சிக்னல் பாதை குளிருக்கு மாறாது, அதனால சார்ட்டுல (இறங்குற வழியோட வரைபடம்) குறிச்ச இடத்தைத் தாண்டுறப்ப ஆல்டிமீட்டர் அதுல போட்டதை விட அதிகமா காட்டணும். இங்க சார்ட்டுல போட்ட உயரத்தையே சொல்லி வெச்ச மாதிரி காட்டுது. இதுல பழகிட்டு ஒருத்தர் குளிர்ல மலைப் பக்கம் அப்ரோச் (தரையிறங்க நெருங்குறது) பண்ணினா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க, அதான் எனக்கு ஆத்திரமே.

2 மணி நேரத்தோட எழுந்துட்டேன். அப்புறம் ஆரம்பிச்சது அலைக்கழிப்பு. சாஃப்ட்வேர் அப்டேட் வரணும்னாங்க. மேனேஜர் மீட்டிங்ல இருக்கார்னாங்க, மூணு தடவை அதே மீட்டிங். மெஷினோட அங்கீகாரக் கடிதத்தைக் காட்டுங்கன்னு கேட்டா, நீட்டினது பக்கத்து ரூம்ல பழுதாகிக் கிடக்குற வேற மெஷினோடது, அப்ப நான் பண்ணின அப்ரோச் எதையும் லாக்புக்ல (பைலட்டோட பயிற்சிக் கணக்கு நோட்டு) கணக்குக் காட்ட முடியாது! அந்த இன்ஸ்ட்ரக்டர் ஃபோனே எடுக்கல. இன்னிக்கு மேனேஜரே லைன்ல வந்து, "மெஷின் ஓடுதுல்ல, நீங்கதான் சார் பாதில எழுந்து போனீங்க, பேக்கேஜுக்கு ரீஃபண்ட் கிடையாது"ன்னு வெச்சுட்டார். மொத்தம் 10 மணி நேரக் காசு. அதுல நிஜ விமானத்துலயே மூணு நாலு மணி நேரம் இன்ஸ்ட்ரக்டரோட பறந்திருக்கலாம்.

என்னென்ன பாக்கணும்னு விரிவா எழுதணும்னுதான் உட்கார்ந்தேன், இப்ப பொறுமை இல்ல. மொத்தமா கட்டாதீங்க, ஒரு மணி நேரத்துக்கு மட்டும் கட்டுங்க. ஐஸ் போட்டா கண்ணாடியைப் பாக்காதீங்க, ஏர்ஸ்பீடைப் பாருங்க. கடிதத்துல இருக்குற மாடல், சீரியல் நம்பரை மெஷினோட ஒத்துப் பாருங்க. யார் சொல்லித் தரப் போறாங்கன்னு எழுதி வாங்குங்க. ரசீது என்கிட்ட இருக்கு, நாளைக்குக் காலைல நேர்லயே போறேன்.