மாஸ்க் வாசலோடு சரி: மதுரையில் 2023 சித்திரை

2023 ஏப்ரல் 1 முதல் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் கொரோனாவுக்காக முகக்கவசம் கட்டாயம் என்று அறிவித்தார்கள். தனியார் மருத்துவமனைகள் பலவும் வாசலில் அதே பலகையை மாட்டிக்கொண்டன. சித்திரைத் திருவிழாவை ஒட்டி நான் சிங்கப்பூரிலிருந்து மதுரைக்கு வந்தபோது, அம்மாவுக்குப் பரிசோதனைகள் செய்ய வேண்டியிருந்தது. அதனால் அந்த விதி எப்படி நடக்கிறது என்பதைக் கிட்டத்திலிருந்து பார்க்க முடிந்தது. பெற்றவர்களை டாக்டரிடம் காட்டவென்றே லீவு போட்டு ஊருக்கு வருகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

விமான நிலையத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சிங்கப்பூரிலிருந்து வருகிறவர்கள் ஆர்டி-பிசிஆர் என்ற கொரோனா பரிசோதனை முடிவு காட்ட வேண்டும் என்று ஜனவரியில் போட்ட நிபந்தனையை பிப்ரவரி 13-ஆம் தேதியே எடுத்துவிட்டார்கள். சிங்கப்பூரில் பஸ், ரயிலில் மாஸ்க் தேவையில்லை என்று ஆனதும் அதே தேதியில்தான். ஆனால் அங்கே மருத்துவமனைக்குள் மாஸ்க் தொடர்ந்தது. அந்தப் பழக்கத்தோடு வந்ததால்தான் இங்கே பார்த்தது எனக்கு உறுத்தியது.

அம்மா இருப்பது செல்லூரில். 2021 மே மாதம், இரண்டாவது அலையில், அவருக்குக் கொரோனா வந்தது. ரெம்டெசிவிர் மருந்துக்காக மதுரை மருத்துவக் கல்லூரியில் ஜனங்கள் வரிசையில் நின்ற சமயம் அது. நல்லவேளையாக வீட்டிலிருந்தே தேறினார். உடம்பு தேறியதே தவிர பயம் போகவில்லை. ரேஷன் கார்டு வைக்கும் டப்பாவுக்குள், ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் ஆக்சிமீட்டரும் இருக்கும். மாடிப்படி ஏறி இறங்கினால் மூச்சு வாங்கும், உடனே விரலில் மாட்டிப் பார்ப்பார். 97 காட்டும். “மிசினு சரியாத்தான் காட்டுது, எனக்குத்தான் மூச்சு பத்தல” என்பார். பெரியாஸ்பத்திரி என்று நாங்கள் சொல்லும் அரசு ராஜாஜி மருத்துவமனைப் பக்கம் போகலாம் என்றால் வேண்டவே வேண்டாம் என்பார். தமிழ்நாட்டின் முதல் கொரோனா மரணம் 2020 மார்ச் 25 அன்று அங்கேதான் நடந்தது. அந்தச் செய்தி அம்மா வயதுக்காரர்களின் மனதில் அப்படியே கிடக்கிறது.

சரி என்று ஒரு தனியார் மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். வாசலில் செக்யூரிட்டி, மாஸ்க் இல்லாத யாரையும் விடவில்லை. பக்கத்திலேயே ஒருவர் பத்து ரூபாய்க்கு மாஸ்க் விற்றுக்கொண்டிருந்தார். நடைமுறை நன்றாக இருக்கிறதே என்றுதான் முதலில் நினைத்தேன். கொஞ்ச நேரம் நின்று பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. உள்ளேயிருந்து சாப்பாட்டுத் தூக்கோடு வெளியே வந்த ஒரு பையன், முகத்திலிருந்த மாஸ்க்கைக் கழற்றி, வெளியே காத்திருந்த பெரியவரிடம் கொடுத்தான். அவர் அதை மாட்டிக்கொண்டு உள்ளே போனார். அவர் திரும்பி வந்து அதையே இன்னொரு பெண்ணிடம் கொடுத்தார். ஒரே மாஸ்க், நுழைவுச் சீட்டு மாதிரி கை மாறிக்கொண்டிருந்தது. பல பேர் மூச்சுவிட்ட ஈரத்தோடு இருக்கும் ஒன்றை மாட்டுவதைவிட மாட்டாமலே இருக்கலாம். ஆனால் அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தினமும் சாப்பாடு கொண்டுவரும் குடும்பத்துக்கு ஆளுக்கொரு பத்து ரூபாய் என்பது சின்னக் காசு இல்லை. நோயாளியிடம் ஆயிரக்கணக்கில் வாங்குகிற இடம், வாசலில் ஒரு பெட்டி மாஸ்க்கை இலவசமாக வைத்தால் என்ன?

உள்ளே போனால் இன்னும் மோசம். காத்திருக்கும் கூடம் ஏசி போட்டது, ஜன்னல் எல்லாம் அடைத்துக் கிடந்தது. வாசல் தாண்டியதும் முக்கால்வாசிப் பேருக்கு மாஸ்க் தாடைக்கு இறங்கிவிட்டது. டோக்கன் கொடுக்கும் பெண்ணுக்கும் அப்படித்தான். எங்களுக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருந்தவர் விடாமல் இருமிக்கொண்டிருந்தார். இருமுகிறவரிடம் ஒரு நல்ல மாஸ்க் கொடுத்துத் தனியே உட்காரவைக்க அங்கே யாரும் இல்லை. எனக்குக் கொரோனாவை மட்டும் நினைத்துப் பயமில்லை, காசநோயும் காற்றில்தான் பரவுகிறது. சர்க்கரை நோயாளிகளுக்கு அது எளிதில் பற்றும். என் அம்மா சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர். அந்தக் கூடத்தில் பாதிப் பேராவது அப்படித்தான் இருந்திருப்பார்கள். அம்மாவை எழுப்பி, வராந்தாவில் காற்று வரும் இடத்தில் உட்காரவைத்து, டோக்கன் நம்பருக்கு நான் காது கொடுத்துக்கொண்டு நின்றேன்.

ஆனால் பரிசோதனை அறையில் வேலை செய்தவரைப் பாராட்டியே ஆக வேண்டும். நுரையீரல் எவ்வளவு காற்றை வெளியே தள்ளுகிறது என்று பார்க்கும் ஸ்பைரோமெட்ரி சோதனை. அம்மாவின் கண்ணெதிரே புது வாய்க்குழாயை உறை பிரித்து மாட்டினார். மூக்கில் கிளிப் போட்டு, “இழுங்க பாட்டி, நல்லா இழுங்க… இப்ப ஊதுங்க, ஊதுங்க, ஊதுங்க, விட்றாதீங்க!” என்று அவரே மூச்சைப் பிடித்துக்கொண்டு கத்தினார். அம்மா கண் கலங்க ஊதினார். சரியாக வரவில்லை, மறுபடி ஊதச் சொன்னார், கோபப்படவே இல்லை.

நுரையீரலில் குறை ஒன்றும் இல்லை என்றார் டாக்டர். குறை ரத்தத்தில் இருந்தது. ஹீமோகுளோபின் 8.6. பெண்களுக்கு 12-க்குக் குறைந்தாலே ரத்தசோகைதான். உடம்புக்கு ஆக்சிஜனைக் கொண்டுபோகும் சிவப்பணு குறைவாக இருந்தால் படி ஏறும்போது மூச்சு வாங்கத்தான் செய்யும். இருக்கிற சிவப்பணுவில் ஆக்சிஜன் நிறைந்திருப்பதால் ஆக்சிமீட்டர் மட்டும் 97 என்றே காட்டும். அம்மா சொன்னது சரிதான். இரும்புச்சத்து மாத்திரை எழுதிக்கொடுத்து, அதைக் காபி, டீயோடு சேர்த்துப் போடக்கூடாது என்றார். இந்த வயதில் வயிறு, குடலில் எங்காவது ரத்தம் கசிகிறதா என்று பார்க்க மலப் பரிசோதனையும் எழுதினார்.

இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல ஆசைப்படுகிறேன். எங்கள் தெருவில் யாருக்கு மூச்சு வாங்கினாலும் “கொரோனா வந்துட்டுப் போன உடம்பு” என்கிறார்கள். யாருக்கு நெஞ்சு வலித்தாலும் “எல்லாம் அந்த ஊசிதான்” என்கிறார்கள். பிரஷர் எப்போது பார்த்தீர்கள், ரத்தம் எப்போது சோதித்தீர்கள் என்று கேட்டால் பதில் இல்லை. கொரோனாவுக்குப் பிறகு நீடிக்கும் தொந்தரவுகள் உண்மையிலேயே உண்டு. அதற்காக எல்லாவற்றையும் அதன் தலையில் போட்டுவிட்டு உட்கார்ந்தால், மாத்திரையில் தீரக்கூடியதும் தீராமல் போகும்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் பெண்ணைப் பற்றி ஊருக்கு வெளியே இருப்பவர்கள் பலருக்குத் தெரியாது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம் இது. அம்மாவுக்கு சர்க்கரை மாத்திரை மாதாமாதம் வீடு தேடி இலவசமாக வருகிறது. நான் இருந்தபோது வந்தவர் மாஸ்க்கை இறக்காமல் திண்ணையில் உட்கார்ந்து பிரஷர் பார்த்தார், நோட்டில் எழுதினார், “பெரியம்மா, போன மாச மாத்திரை ஏன் மிச்சமிருக்கு?” என்று பிடித்துக்கொண்டார். யார் வீட்டில் யாருக்கு எத்தனை நாளாக இருமல் என்று அவருக்குத் தெரிகிறது. ரத்தப் பரிசோதனை முடிவை அவரிடம் காட்டினேன். அடுத்த முறை வரும்போது இரும்புச்சத்து மாத்திரையையும் எண்ணிப் பார்க்கிறேன் என்றார். இப்படி வருகிறவரின் பெயரும் போன் நம்பரும் உங்கள் அலைபேசியில் இருக்கட்டும்.

மதுரைக்கு வரும் கள்ளழகரை ஜனங்கள் எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவைக்குத் தல்லாகுளம் போக வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. 2020-லும் 2021-லும் அழகரை ஆற்றங்கரையில் பார்க்க ஜனங்களுக்குக் கொடுத்துவைக்கவில்லை. 2022-ல் கூட்டத்துக்குப் பயந்து அம்மா போகவில்லை. இந்த முறை என்-95 மாட்டிவிட்டு, ஓரமாக ஒரு வீட்டு வாசல்படியில் நிற்கவைத்தேன். “இன்னுமா இதைப் போட்டுக்கிட்டுத் திரியிறீங்க மதினி?” என்று சொந்தக்காரர்கள் கேட்கத்தான் செய்தார்கள். அம்மா கழற்றவில்லை. மறுநாள், மே 5, அழகர் வைகையில் இறங்கினார். கொரோனா அவசர நிலை முடிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்ததும் அன்றுதான்.

கிளம்புவதற்கு முன் அந்த மருத்துவமனை நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். மூன்றே விஷயம் கேட்டிருக்கிறேன்: வாசலில் இலவச மாஸ்க், இருமுகிறவர்களுக்கு வராந்தாவில் தனி இருக்கை, கூடத்து ஜன்னல்களைத் திறந்துவைப்பது. வாங்கி முத்திரை குத்தி நகல் கொடுத்தார்கள். பதில் இன்னும் வரவில்லை. அடுத்த மாதம் அம்மாவை மறுபரிசோதனைக்கு அழைத்துப் போகிற தம்பியிடம் அந்த நகலைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.