மூன்று மொழி அறிவித்தல்: பக்கத்துப் பக்கமா, மேலும் கீழுமா?

கொழும்பில் வெள்ளவத்தையானாலும் கொட்டாஞ்சேனையானாலும், தொடர்மாடி வாசலில் ஒட்டும் அறிவித்தலில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் வரவேண்டும். அவற்றை எப்படி அடுக்குவது என்பதில்தான் ஆளுக்கொரு கட்சி.

முதலில் பலருக்கும் தோன்றுவது, மொழிக்கொன்றாகப் பக்கத்துப் பக்கமாக மூன்று பத்தி. எந்த மொழியும் மேலே இல்லை, கீழே இல்லை. பார்க்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் இதில் அடிபடுவது தமிழ். ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீற்றர். இரு ஓரமும் 15 மில்லிமீற்றரும் பத்திகளுக்கு நடுவே 6 மில்லிமீற்றரும் விட்டால் ஒரு பத்திக்குக் கிடைப்பது 56. நின்றபடி வாசிக்க வசதியான 16 புள்ளி (point) அளவு எழுத்தில் "சுத்திகரிக்கப்படவிருப்பதால்" என்று போட்டுப் பாருங்கள், வரிக்குள் அடங்காது. ஆங்கிலத்தில் நாலைந்து சின்னச் சொல்லாகப் பிரிவது நமக்கு ஒரே சொல்லாக ஒட்டிக்கொண்டு வருகிறது. உடனே தமிழை மட்டும் 11 புள்ளிக்குக் குறைத்துவிடுகிறார்கள். பத்தி சமம், எழுத்து சிறிது என்றால் அது சம இடமே இல்லை. வலது ஓரத்தையும் நேராக்கப் போனால் இன்னும் மோசம்: சொற்களுக்கு நடுவே ஓட்டை ஓட்டையாக வெள்ளை விழும்.

சரி, தாளைக் குறுக்காகத் திருப்பினால்? பத்தி 85 மில்லிமீற்றராகிவிடும், சொல்லும் அடங்கும். பலகைக்கு மட்டும் என்றால் நல்ல தெரிவுதான். ஆனால் அதே தாளைப் படமெடுத்து வட்ஸ்அப் குழுவில் போடுவார்கள். நிமிர்த்திப் பிடித்த போனில் குறுக்குத் தாள் சுருங்கிவிடும். வயதானவர்கள் விரித்து விரித்துத்தான் வாசிக்கவேண்டும்.

மொழிக்கொரு தாள் என்பது ஆண்டுப் பொதுக்கூட்ட அறிக்கை போன்ற நீளமான விடயத்துக்குப் பொருந்தும். மற்றபடி பலகையில் இடம் போதாது. ஒரு தாள் கழன்று விழுந்தால் அந்த மொழிக்காரருக்குச் செய்தியே இல்லை.

என் தெரிவு, மேலிருந்து கீழாக அடுக்குவது. முழு அகலமும் கிடைக்கிறது, மூன்றையும் ஒரே அளவில் வைக்கலாம். இதன் குறை, கீழே இருக்கிற மொழிக்காரர் தேடிப் போகவேண்டும் என்பது. அதற்கு வழி இருக்கிறது. தண்ணீர்த் தாங்கி கழுவும் நாள் என்றால் எல்லோருக்கும் முதலில் வேண்டியது திகதியும் நேரமும். மூன்று மொழியிலும் நாம் எழுதுவது ஒரே இலக்கங்கள்தானே! "12.03, 09.00 – 13.00" என்று தலையில் பெரிதாக ஒரே தடவை போட்டுவிடுங்கள். 24 மணிக் கணக்கில் எழுதினால் மு.ப., பி.ப. என்று மூன்று விதமாகப் போடும் வேலையும் இல்லை. இன்னொரு பலன்: திகதி மாறும்போது சிங்களத்தில் திருத்தி, தமிழில் பழைய திகதியை விட்டுவிடும் பிழை வராது.

வரி இடைவெளியில் கஞ்சத்தனம் வேண்டாம். ஆங்கிலத்துக்குப் போதுமான இடைவெளியில் நம் எழுத்துகளின் மேல்விசிறியும் (கி) கீழ்ச்சுழியும் (கு) முட்டிக்கொள்ளும், சிங்களத்துக்கும் அதே கதிதான். எழுத்தளவைப் போல் ஒன்றரை மடங்கு வையுங்கள்.

அப்புறம், அச்சகத்துக்குப் பீடிஎப் ஆக்கியே அனுப்புங்கள். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டிய கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், தமிழ்ப் பகுதி முழுக்க ஆங்கில எழுத்துக் குவியலாக நிற்கும்.