மேட்டுத் தொட்டி, வீட்டுக் குழாய், ஒரு பிரஷர் சென்சார்: மூன்று வருட அனுபவம்

கோத்தகிரிப் பக்கம், தேயிலைச் சரிவின் நடுவில் எங்கள் வீடு. சோலையோரத்து ஊற்றிலிருந்து கருப்பு ஓஸ் வழியாக 2,000 லிட்டர் தொட்டிக்குத் தண்ணீர் வருகிறது. அங்கிருந்து முக்கால் இஞ்ச் குழாயில் வீட்டுக்கு இறங்குகிறது. தொட்டி வீட்டைவிட ஏறத்தாழ 14 மீட்டர் மேலே இருப்பதால் மோட்டாருக்கு வேலையே இல்லை. தொட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கத்தான் ஆள் ஏற வேண்டும். அதை அம்மாதான் செய்துகொண்டிருந்தார். விடிந்ததும் மேலே போய், தொட்டியைக் கீழிருந்து மேலாகத் தட்டிக்கொண்டே வந்து, சத்தம் மாறும் இடத்தில் கையை வைத்து "இவ்வளவு இருக்கு" என்பார். முழங்கால் வலி வந்த பிறகும் விடவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்தப் படிகளில் பாசி படர்ந்துவிடும். அவர் ஏறுவதை நிறுத்த வேண்டும் என்றுதான் 2022 பிப்ரவரியில் இந்த வேலையைத் தொடங்கினேன்.

முதலில் தொட்டி மூடியில் அல்ட்ராசோனிக் சென்சார் வைத்தேன். உள்ளே நீராவி துளித்துளியாக அதன் முகத்தில் படிந்து அளவு தாறுமாறாக வந்தது. மேலே கரன்ட் இல்லாததால் பேட்டரி மாற்ற நான் ஏற வேண்டியிருந்தது. கடைசியில் குரங்குகள் வயரைப் பிடுங்கிவிட்டன. அதற்கு அப்புறம்தான் யோசனை மாறியது. தொட்டியை ஏன் மேலே போய்ப் பார்க்க வேண்டும்? தண்ணீர் நிற்கும் உயரம் அப்படியே கீழே குழாயில் அழுத்தமாக இருக்கிறதே. ஒரு மீட்டர் தண்ணீருக்கு 9.8 கிலோபாஸ்கல். வீட்டுச் சுவருக்குப் பக்கத்தில் குழாயில் ஒரு டீ (மூன்று வாய் இணைப்பு) போட்டு, பிரஷர் சென்சாரை முறுக்கிவிட்டால் போதும். கரன்ட், வைஃபை, கூரை எல்லாம் அங்கேயே இருக்கின்றன.

நான் வைத்திருப்பது மூன்று வயர் கொண்ட சாதாரண சென்சார். 5 வோல்ட் கொடுத்தால் அழுத்தத்துக்கு ஏற்ப 0.5 முதல் 4.5 வோல்ட் வரை திருப்பித் தரும். முதலில் கிடைத்தது 1.2 மெகாபாஸ்கல், அதாவது 1,200 கிலோபாஸ்கல் வரை அளப்பது. எங்கள் தொட்டி அடிமட்டத்திலிருந்து நிரம்பும் வரை மொத்த வித்தியாசமே 13 கிலோபாஸ்கல்தான். அந்த சென்சாரில் அது வெறும் 43 மில்லிவோல்ட். பிறகு 0.5 மெகாபாஸ்கல் வகையை வாங்கினேன். அதில் 104 மில்லிவோல்ட் கிடைத்தது. வாங்கும்போது பெரிய எண் நல்லது என்று எடுத்துவிடாதீர்கள். உங்கள் தொட்டி சென்சாரைவிட எவ்வளவு மேலே இருக்கிறது என்று கணக்குப் போட்டு, அதற்கு ஒட்டினாற்போல் எடுங்கள்.

மூளை ஈஎஸ்பி32, வைஃபை உள்ள ஒரு சின்னக் கணினிச் சிப். அதற்குள்ளேயே அனலாக் அளவெடுக்கும் வசதி இருக்கிறது, ஆனால் இரண்டு ஓரங்களிலும் கோடு வளையும், இரைச்சலும் அதிகம். 104 மில்லிவோல்ட்டுக்குள் ஒரு தொட்டியையே படிக்க அது பற்றாது. வோல்டேஜை நுணுக்கமாக எண்ணாக்கும் ஏடிஎஸ்1115 என்ற 16 பிட் சிப்பைத் தனியாகச் சேர்த்தேன். அதை 3.3 வோல்ட்டில் ஓட்டுவதால் சென்சார் வெளியீட்டை இரண்டு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டுப் பாதியாக்கினேன். ஒரு சென்டிமீட்டர் தண்ணீர்கூடத் தெரிகிறது. ஈஎஸ்பி32-இல் ஓடும் மென்பொருள் ஈஎஸ்பிஹோம். வரைபடம் பார்க்க, ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினியில் ஹோம் அசிஸ்டென்ட் என்ற வீட்டுக் கருவி மென்பொருள். இந்தப் பகுதி ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. மூன்று வருடத்தில் நான் கற்றுக்கொண்டது எல்லாம் அதற்குப் பிறகு.

சென்சாரைக் குழாயில் மாட்டும் முன் வெறும் காற்றில் வைத்து அளந்தேன். அழுத்தம் இல்லாதபோது 0.5 வோல்ட் வர வேண்டும். 0.346 வந்தது. பழுது என்று நினைத்து இன்னொன்று வரவழைத்தேன். அதுவும் அதே 0.346. இரண்டு சென்சாரும் ஒரே மாதிரிப் பழுதாக வராது. இரண்டு நாள் கழித்துத்தான் பிடிபட்டது. இந்த வகை சென்சாரின் முதுகில் ஒரு சின்ன அறை அடைத்து மூடப்பட்டிருக்கிறது. கடல்மட்டத்தின் காற்றழுத்தம்தான் அதற்குப் பூஜ்யம். இங்கே ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் 820 ஹெக்டோபாஸ்கலை ஒட்டித்தான் இருக்கும். கடல்மட்டத்தில் 1013. பத்து ஹெக்டோபாஸ்கல் ஒரு கிலோபாஸ்கல். அந்த வித்தியாசம் 19 கிலோபாஸ்கல் சொச்சம், தண்ணீர்க் கணக்கில் கிட்டத்தட்ட இரண்டு மீட்டர்! சென்சார் பொய் சொல்லவில்லை, கடற்கரையில் நிற்பதாக நினைத்துக்கொண்டு சொல்கிறது. ஊட்டி, குன்னூர், கொடைக்கானல் என்று எங்கே செய்தாலும் தாளில் போட்டிருக்கும் பூஜ்யத்தை எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் வீட்டில், உங்கள் காற்றில் அளந்த எண்ணைப் போடுங்கள்.

இதன் இரண்டாம் பகுதி இன்னும் நுட்பமானது, எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். முதல் மழைக்காலத்தில் தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது, சத்தம் வீட்டுக்கே கேட்டது. ஆனால் வரைபடத்தில் இரவு பத்து மணியிலிருந்து விடிகாலை நான்கு வரை கோடு மெதுவாக இறங்கியது, இரண்டு சென்டிமீட்டர். காலை பத்துக்குள் மறுபடி ஏறியது. எங்கள் தொட்டியில் இரண்டு சென்டிமீட்டர் என்பது முப்பது லிட்டர். எங்கோ கசிகிறது என்று வெளிச்சம் வந்ததும் குழாய் நெடுக நடந்தேன். ஒரு சொட்டு ஈரம் இல்லை. மறுநாளும் அதே நேரம், அதே அளவு. காற்றுக்கும் கடல் போலவே ஏற்ற இறக்கம் உண்டு என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நம் வெப்பமண்டலத்தில் காற்றழுத்தம் தினமும் காலை பத்து, இரவு பத்து வாக்கில் உச்சத்துக்கு ஏறி, விடிகாலை நான்கு, மாலை நான்கு வாக்கில் தாழும். அடைத்த அறை கொண்ட சென்சார் அதையும் சேர்த்துக் கணக்கிடுகிறது. பிஎம்பி280 என்ற சின்னக் காற்றழுத்த சென்சாரைப் பெட்டியில் சேர்த்து, அதன் அளவைக் கழித்தவுடன் இரவுக் கோடு பலகை போல் நேரானது. அன்று அடைந்த சந்தோஷத்தை இப்போதும் மறக்கவில்லை.

அடுத்தது கரன்ட். இந்த சென்சார் 5 வோல்ட்டை நம்பி நிற்கிறது. கொடுக்கும் வோல்டேஜ் குறைந்தால் அதே விகிதத்தில் வெளியீடும் குறையும். பழைய போன் சார்ஜர் ஒன்றில் மாற்றி மாட்டியபோது 5.1 வோல்ட் 4.8 ஆனது. நிரம்பிய தொட்டி ஒரு மீட்டருக்கு மேல் காலியானது போல் காட்டியது. இப்போது ஏடிஎஸ்1115-இன் இன்னொரு முனையில் அந்த 5 வோல்ட்டையும் அளந்து, இரண்டையும் வகுத்துப் போடுகிறேன். ஒரு வயரும் இரண்டு ரெசிஸ்டரும்தான் கூடுதல் செலவு. இதைச் செய்யாமல் யாரும் பெட்டியை மூட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அளவு சரிபார்த்த நாளைச் சொல்ல வேண்டும். எங்கள் பகுதியில் குழாய் வேலை எல்லாம் பார்க்கும் அண்ணன் ஒருவர், பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடு கீறிய மூங்கில் குச்சியுடன் மேலே ஏறினார். நான் கீழே லேப்டாப்புடன். தொட்டியை வடியவிட்டு, ஒவ்வொரு கோட்டுக்கும் கீழ்க் குழாயை மூடினோம். போனில் அவர் குரல்: "தம்பி, ஏழாவது கோடு. மூடிட்டியா? தண்ணி ஆடுது, நிக்கட்டும், இரு." அவர் இரு என்றதுதான் முக்கியம். குழாயில் தண்ணீர் ஓடும்போது அழுத்தம் குறைந்துதான் தெரியும், நின்ற பிறகு வரும் எண்தான் தொட்டியின் எண். அதனால் ஒரு நிமிடத்துக்குள் வந்த அளவுகளில் நடுவில் இருப்பதை எடுத்து, தண்ணீர் நின்றிருக்கும்போது மட்டும் தொட்டி அளவைப் புதுப்பிக்கும்படி எழுதினேன். பதின்மூன்று கோடுகளும் ஒரே நேர்கோட்டில் விழுந்தன.

அம்மா போனில் வரைபடம் பார்ப்பதில்லை. அவருக்காகச் சமையலறை ஜன்னலோரம் ஒரு சின்ன விளக்கு. பச்சை என்றால் பாதிக்கு மேல், மஞ்சள் என்றால் பாதிக்குக் கீழ், சிவப்பு என்றால் குடிக்கவும் சமைக்கவும் மட்டும். "மஞ்சளா இருக்குப்பா, போர்வையை நாளைக்கு நனைக்கட்டுமா?" என்று கேட்பார். அந்த விளக்கை ஈஎஸ்பி32 நேரடியாக எரிய வைக்கிறது, ஹோம் அசிஸ்டென்ட் வழியாக அல்ல. காரணம் உண்டு. காற்று வீசி மரம் சாய்ந்தால் இங்கே கரன்ட் வர ஒரு நாள்கூட ஆகும். ஈஎஸ்பி32-க்குச் சின்ன பேட்டரி வைத்திருந்தும், கரன்ட் போனால் கால் மணிக்கு ஒரு முறை விளக்கு அணைந்து எரிந்தது. ஹோம் அசிஸ்டென்ட்டோ வைஃபையோ 15 நிமிடம் கிடைக்கவில்லை என்றால் தன்னைத் தானே மறுதொடக்கம் செய்வது ஈஎஸ்பிஹோமின் இயல்பு. இரண்டு இடத்திலும் அந்த நேரத்தைப் பூஜ்யமாக்கியதும் நின்றது.

பயனில் முதலிடம் இரவுக் கோட்டுக்குத்தான். யாரும் குழாய் திறக்காத நேரத்தில் ஊற்றுத் தண்ணீர் சேர்ந்து கோடு ஏற வேண்டும். தொட்டி நிரம்பும் முன்பே ஏறாமல் தட்டையாக நின்றால் ஊற்றிலிருந்து வரும் ஓஸில் கோளாறு. இறங்கினால் தொட்டிக்குக் கீழே கசிவு. இரண்டாம் வருடம் மார்ச்சில் ஒரு நாள் தட்டையானது. அண்ணனிடம் சொன்னேன். "மாடு மிதிச்சிருக்கும்" என்றார். மேலே போய்ப் பார்த்தால் காட்டெருமைக் கூட்டம் கடந்த தடத்தில் ஓஸ் பிதுங்கி, இணைப்பு கழன்று கிடந்தது. முன்பெல்லாம் தொட்டி காலியான பிறகுதான் இது தெரியவரும். இன்னொன்று ஏர் லாக். தொட்டி ஒரு முறை முழுக்க வற்றி மறுபடி நிறையும்போது, குழாய் மேடேறி இறங்கும் இடத்தில் காற்று மாட்டிக்கொள்ளும். அப்போது தொட்டி நிறைந்திருந்தும் அழுத்தம் இரண்டு மூன்று மீட்டர் குறைவாகக் காட்டும். அந்த எண் எங்கள் தொட்டியில் வரவே முடியாத எண் என்பதால், அதைத் தனி எச்சரிக்கையாக வைத்துவிட்டேன். மேட்டில் இருக்கும் வால்வைத் திறந்து காற்றை விட்டால் சரி.

பனிமூட்டம்தான் பெரிய எதிரி. முதல் வருடம் எல்லாவற்றையும் பிரெட்போர்டில், அதாவது சால்டர் செய்யாமல் செருகிப் பார்க்கும் பலகையிலேயே விட்டிருந்தேன். ஏழு மாதத்தில் பின்கள் பச்சை பூத்துவிட்டன. ஏடிஎஸ்1115 பதில் சொல்வதை நிறுத்தியது. திரையிலோ கடைசியாக வந்த எண் அப்படியே நின்றது, விளக்கும் பச்சையாகவே எரிந்தது. இரண்டு நாள் நாங்கள் அதை நம்பினோம், மூன்றாம் நாள் குழாயில் காற்றுதான் வந்தது. அன்று அம்மா ஒன்றும் சொல்லாமல் படியேறிப் போய்த் தொட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு வந்தார். அது எனக்கு மிகவும் வலித்தது. இப்போது எல்லாம் சால்டர் செய்து, இணைப்புகளுக்குச் சுருங்கும் உறை போட்டு, பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் வைத்திருக்கிறேன். அதைவிட முக்கியமாக, பத்து நிமிடம் புது அளவு வரவில்லை என்றால் விளக்கு நீலமாகும். நீலம் என்றால் எனக்குத் தெரியாது என்று பொருள், அம்மாவுக்கு அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன்.

சென்சாரின் மரையில் இரண்டாம் வருடம் லேசாகத் துரு கண்டேன். துருப்பிடிக்காத எஃகு உடல் கொண்டதாகப் பார்த்து வாங்குவது நல்லது.

பொங்கலுக்கு முன்னால் தொட்டியை வடித்துக் கழுவுவோம். அன்று சென்சாரையும் கழற்றித் துடைத்து, திண்ணையில் வைத்துப் பூஜ்யத்தை மறுபடி அளப்பேன். இந்த வருடம் அது மூன்று மில்லிவோல்ட் நகர்ந்திருந்தது, தண்ணீரில் ஏறத்தாழ நான்கு சென்டிமீட்டர். புது எண்ணைப் போட்டு, டெஃப்ளான் டேப் சுற்றி முறுக்கி, வால்வைத் திறந்தேன். அம்மா ஜன்னலோரம் நின்று, சிவப்பு மஞ்சளாக மாறும் வரை பார்த்துவிட்டு அரிசி களையப் போனார்.